பதினொரு அடுப்பு

ஜீவனஹள்ளி
14 ஏப்ரல் 2025, திங்கள் காலை

இளவேனில் அவர்களுக்கு,

நம் சந்தின் வாயுக் குழுச் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சண்டை என்றால் வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, காகிதத்தில் எழுதி அவரவர் வீட்டுப் பால் பையில் போட வேண்டும் என்பது போன வருடம் நாம் எடுத்த முடிவு. அதன்படி உங்கள் கதவில் தொங்கும் பையில் இதைப் போடுகிறேன்.

கிளிஃபர்ட் அவர்களின் கொல்லையில் இருக்கும் நமது தொட்டி, பன்னிரண்டாம் தேதியிலிருந்து வாயு தருவதை நிறுத்திவிட்டது. பதினொரு வீட்டுக் காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் அதில் போட்டு, வரும் வாயுவில் பதினொரு அடுப்பை எரித்து, வெளியேறும் சாற்றை மாடித் தோட்டங்களுக்கு ஊற்றி வந்தோம். ஒன்றரை வருடத்தில் தொட்டி நின்றது இதுவே முதல் முறை.

காரணம், ஏப்ரல் 7 அன்று, அதாவது ராமநவமிக்கு மறுநாள், தொட்டியின் பக்கத்தில் உள்ள கரும்பலகையில் நீங்கள் எழுதிய வாசகம்: "ஊருக்கெல்லாம் பானகம், எனக்கு மட்டும் பட்டினியா? வாய் நமநமன்னு இருக்கு. எலுமிச்சை மூடி இருந்தா எடுத்துட்டு வாங்க. இப்படிக்கு, தொந்தி."

விதி 7: எந்த வீட்டால் தொட்டி நிற்கிறதோ, தொட்டி சரியாகும் நாளிலிருந்து இரண்டு மாதம் அந்த வீட்டுக் குழாய் மூடப்படும். உங்கள் தாயார் வள்ளியம்மா அவர்களின் இட்லிக் கடை அந்தக் குழாயை நம்பித்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். வருந்துகிறேன். 27ஆம் தேதி கூட்டத்தில் இறுதி முடிவு. குற்றம் சாட்டப்பட்டவர் கூட்டத்துக்கு வரக் கூடாது என்பதால், விளக்கம் இருந்தால் மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தரவும்.

பார்கவி
செயலாளர்


14 ஏப்ரல், மாலை

பார்கவி அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூப் பச்சடிக்கு முன்னாலேயே கசப்பு வந்து சேர்ந்துவிட்டது, பால் பாக்கெட்டுக்கு அடியில், கொஞ்சம் நனைந்து.

முதலில் ஒரு சந்தேகம். என்னை இதுவரை "நீங்கள்" என்று கூப்பிட்டது ஏடிஎம் மெஷின் மட்டும்தான். போன வாரம் வரை உங்களுக்கு நான் "ஏய் வாலு". "வாலு அவர்களுக்கு" என்று எழுதியிருந்தால்கூடப் பாதி மன்னித்திருப்பேன்.

விளக்கம் கேட்டீர்கள். விளக்குகிறேன், விளக்குமாறு எடுக்காமல் படிக்கவும்.

ஒரு வருடமாக அந்தப் பலகையில் எழுதுகிறேன். "ஆறாம் நம்பர் சாம்பார்ல உப்பு தூக்கல், எனக்கு பிபி ஏறுது" என்று எழுதினேன். ஆறாம் நம்பர் சிரித்தது. "இந்தச் சந்துல பிரியாணி மிச்சம் வைக்கற நல்ல பழக்கமே இல்லையா" என்று எழுதினேன். ஃபாத்திமா ஆன்ட்டி மறுநாள் நிஜமாகவே ஒரு கிண்ணம் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தார். அன்றே உனக்கு உறைத்திருக்க வேண்டும் என்பீர்கள். பிரியாணிதான் உறைத்திருக்கும், எனக்கு இல்லை.

இப்போது என் கேள்வி. ஒரு சாணத் தொட்டி வாய் திறந்து எலுமிச்சை கேட்கிறது என்று வளர்ந்த மனிதர்கள் நம்பினால், அதற்குப் பதினாறு வயதுப் பெண் என்ன செய்ய முடியும்? தொட்டிக்குத் தொந்தி என்று பெயர் வைத்தது நான்தான். ரேஷன் கார்டில் சேர்த்தது நான் இல்லை.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தேன். பால் எடுக்க என்னை முந்திவிட்டார். படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "எழுதறதுக்கு உனக்கு ஒரு பலகை இருக்குது. எனக்கு இருக்கறது ஒரே அடுப்பு," என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. திட்டினால் பதில் சொல்லத் தெரியும். பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பழக்கமில்லை.

இப்போது வீட்டு சிலிண்டரில் கடை நடக்கிறது. இன்னும் ஒரு வாரம் வரும். அதன் பிறகு காலை ஏழு மணிக்கு எங்கள் ஜன்னல் முன்னால் வந்து நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு நான் எந்தப் பலகையில் என்ன எழுதுவது?

ஆகவே எழுத்து மூலம் தெரிவிப்பது: குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நகைச்சுவையை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாலு அவர்கள்


16 ஏப்ரல்

இளவேனில்,

"நீங்கள்" வேண்டாம் என்றாய், சரி. உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியிருக்கிறது.

தொட்டி பேசாதுதான். உன் பலகை பேசியது. நான் இதுவரை பன்னிரண்டு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன், ஒன்றையாவது யாராவது முழுதாகப் படித்தார்களா? ஆனால் உன் பலகையைப் படிக்காமல் இந்தச் சந்தில் ஒருவரும் வாளியைக் கவிழ்ப்பதில்லை. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று உள்ளே விழுந்தது என்ன என்று கேட்டாயா? பானகத்துக்காகக் கிளிஃபர்ட் அங்கிள் தன் ஜூஸ் கடையில் பிழிந்த எலுமிச்சை, இரண்டு மூட்டைத் தோல். குப்பை வண்டிக்கு என்று வாயைக் கட்டி வைத்திருந்தார். பலகையைப் பார்த்துவிட்டுக் கட்டை அவிழ்த்தார். ஃபாத்திமா ஆன்ட்டி மூன்று ஜாடி பழைய ஊறுகாய். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அதுக்கு வேணும்னு கேட்டுச்சே பார்கவி" என்றார். கேட்டுச்சாம்.

உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவைதான் வாயுவை உண்டாக்குபவை. புளிப்பு அளவு மீறினால் செத்துப்போகும். வாயு மட்டும் நின்றது என்று நினைக்காதே. சாறு இல்லாமல் எங்கள் மாடியில் புதினா வாடுகிறது. அந்தப் புதினா உன் அம்மாவின் சட்னிக்குப் போவது. அதன் காம்பு திரும்பத் தொட்டிக்கு வருவது. ஓரிடத்தில் அறுந்ததும் எல்லாமே நிற்கிறது.

உன் அம்மாவின் கடை ஜன்னலைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் கேப்புக்குப் போகிறேன். இந்த விதியை நடத்துவது எனக்கு எளிது என்று நினைக்காதே. ஒரு வீட்டுக்காக வளைத்தால் நாளை எல்லோருக்கும் வளைக்க வேண்டும்.

பார்கவி


18 ஏப்ரல், பெரிய வெள்ளி

பார்கவி அக்காவுக்கு,

மூன்று ஜாடி ஊறுகாய் என்று படித்ததும் என் வயிற்றிலும் புளி கரைந்தது. தொட்டியிலும் என்னிடத்திலும் ஒரே சமையல்.

ஒப்புக்கொள்கிறேன். எழுதியது நான். நம்புவார்கள் என்று தெரியாது என்று நான் சொன்னது பொய். பிரியாணி நாளிலேயே தெரியும். நான் நாலு வரி எழுதினால் ஒரு சந்தே எழுந்து நடக்கிறது. அதில் ஒரு சுகம் இருந்தது. பரீட்சை முடிந்த கைக்கு அது போதுமான வேலையாக இருந்தது.

நேற்றும் இன்றும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வீடு. உங்கள் கதவைத் தட்டவில்லை, நாம் சண்டையில் இருக்கிறோம். போன இடத்தில் ஒரு வேடிக்கை. யாரும் என்னைத் திட்டவில்லை. கிளிஃபர்ட் அங்கிள் சர்ச்சிலிருந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நாளா பாத்து கேக்கறியே மகளே, பொய் சொல்ல முடியாது. தொட்டி ட்ரெய்னிங்ல லெமன் போடாதேன்னு சொன்னாங்க. நான் அப்ப தூங்கிட்டிருந்தேன்," என்றார். ஃபாத்திமா ஆன்ட்டிக்கு ஜாடி கழுவ சோம்பல், அதனால் பலகை சொன்னது வசதியாகப் போயிற்று. ஆறாம் நம்பர், தோல் மிதப்பதைப் பார்த்துவிட்டு, தொட்டியைக் கவனிக்கும் நம் முறை அடுத்த வாரம்தானே என்று போய்விட்டதாம்.

அக்கா, கூட்டுப் பொறுப்பு கூட்டுப் பொறுப்பு என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் கூட்டு என்றால் கோஸும் கடலைப்பருப்பும் தேங்காயும் சேர்ந்துதான் வேகும். கோஸ் மட்டும் வெந்தால் அதற்குப் பெயர் பொரியல். வாயு வரும்போது பதினொரு வீடும் கூட்டு. வாயு நின்றால் எங்கள் வீடு மட்டும் பொரியலா?

எனக்கு எந்தத் தண்டனையும் கொடுங்கள். சாணம் கரைக்கிறேன், ஒரு வருடம் பலகையைத் தொடவில்லை. ஆனால் விதி 7 அணைப்பது என் அடுப்பை இல்லை. எனக்கு மாவு கரைக்கக்கூடத் தெரியாது.

கடைசியாக ஒன்று. தினமும் ஏழேகாலுக்குத் தொட்டியைத் தாண்டித்தான் கேப்புக்குப் போகிறீர்கள். ஏழாம் தேதி நான் ஆறு மணிக்கே எழுதிவிட்டேன். நீங்கள் அதைப் படித்தீர்களா?

விதிப்படி மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவும்.

இளவேனில்


21 ஏப்ரல்

இளவேனில்,

மூன்றாவது நாள். இந்தக் காகிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன்.

படித்தேன்.

நின்று படித்தேன். சிரித்தேன். போனில் படம் பிடித்து, "எங்க தெரு தொட்டிக்கு வாய் நமநமங்குதாம்" என்று ஆபீஸ் தோழிக்கு அனுப்பினேன். பயிற்சியில் எலுமிச்சை போடலாமா என்று கை தூக்கிக் கேட்டவளே நான்தான். கூடாது என்று அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். பலகையை அழிக்க உள்ளங்கை போதும். கேப் ஹாரன் அடித்தது. வேறு யாராவது அழிப்பார்கள் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாலை திரும்பியபோது தோல் மேலே மிதந்தது. அன்றே அள்ளியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். பார்க்காத மாதிரி படியேறிவிட்டேன்.

இதைவிட மோசமானதையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி வாயு நின்றதும் எனக்கு முதலில் தோன்றியது, பலகையில் இருப்பது யார் கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

விதி 7 நான் எழுதியது. கரூரிலிருந்து இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆபீஸில் பழகியது அது. எது கெட்டாலும் கடைசியில் ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைத்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். 27ஆம் தேதி நானே எழுந்து சொல்லப்போகிறேன். கூட்டம் என்ன செய்யும் என்று தெரியாது.

பார்கவி


24 ஏப்ரல்

அக்கா,

காட்ட மாட்டேன். காட்டிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை, மாட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

நீங்கள் ஏழேகாலுக்குப் போன பிறகு இங்கே நடப்பவற்றைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் சிலிண்டர் தீர்ந்தது. மாவு பொங்கி நிற்கிறது, அடுப்பு இல்லை. அம்மா ஜன்னலைச் சாத்தக் கை வைத்தார். ஃபாத்திமா ஆன்ட்டி ஒரு தூக்குச் சட்டியோடு வந்து நின்றார். "அரே வள்ளி, மாவு ஊத்து. ரெண்டு தட்டு என் சிலிண்டர்ல வேக வெச்சுத் தர்றேன்." அம்மா வேண்டாம் என்றார். "உன்ன கேக்கல. மாவத்தான் கேக்கறேன்," என்றார் ஆன்ட்டி. பத்து நிமிடத்தில் இன்னும் நாலு வீட்டிலிருந்து சட்டி வந்தது. நேற்று எட்டு வீடு.

ஒரே மாவு, எட்டு அடுப்பு, எட்டு விதம். ஆறாம் நம்பர் இட்லியை எறிந்தால் காக்ஸ் டவுன் வரை போகும். கிளிஃபர்ட் அங்கிள் இட்லி நடுவில் இன்னும் ஜூஸாகவே இருக்கிறது. ஒரு ஆட்டோக்கார அண்ணன் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இட்லி ஒண்ணொண்ணும் ஒவ்வொரு ஜாதகமா இருக்கு," என்றார். ஆனால் மூன்று தட்டு சாப்பிட்டார்.

தொட்டிக்கு வைத்தியமும் தொடங்கியாயிற்று. பயிற்சி கொடுத்த சாரிடம் போனில் கேட்டேன். தீனி நிறுத்தம். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். தினமும் புதுச் சாணம், வீட்டுக்கு ஒரு வாளி. மாட்டுத் தொழுவத்து முனியப்பா, நாங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, "ஏனம்மா, சகணிக்கும் க்யூவா இப்போ?" என்று சாணத்தைக் காட்டிச் சிரித்தார். புளிப்பு இருந்தால் சிவக்கும் நீலத் தாளை நனைத்துப் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதல் நாள் ரத்தச் சிவப்பு. இன்று வெளுத்த ரோஜா. இது பிழைக்கும் அக்கா. பரீட்சை ரிசல்ட்டைப் பற்றிக்கூட நான் இவ்வளவு தைரியமாகச் சொன்னதில்லை.

உங்கள் வீட்டு வாளியை மூன்று நாளாக நானே நிரப்பி ஊற்றிவிட்டேன். நாளையிலிருந்து ஏழு மணிக்கு உங்கள் வாளி உங்கள் கையில். ஆபீஸ் உடுப்பில் வந்தால் சந்தே கைதட்டும்.

இளவேனில்


27 ஏப்ரல், ஞாயிறு மாலை

இளவேனில்,

கூட்டம் முடிந்த கையோடு எழுதுகிறேன். கையில் இன்னும் சாண வாசனை போகவில்லை, அதற்கு நன்றி.

முதலில் நான் எழுந்து, உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். குற்றவாளி கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று செருப்பை மாட்டப் போனேன். கிளிஃபர்ட் அங்கிள், "நீ போயிட்டா மினிட்ஸ் யார் எழுதறது? குந்தும்மா," என்றார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பங்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஊறுகாய், தூக்கம், அடுத்த வாரத்து முறை. விதி 7ஐ அப்படியே நடத்தினால் பத்து குழாய்களை மூட வேண்டும் என்று ஆனது.

உன் கூட்டு-பொரியலை நான் படித்துக் காட்டினேன். உன் அனுமதி இல்லாமல்தான்.

மாற்று விதியை முன்வைத்தோம்: தொட்டி நின்றால் பதினொரு அடுப்பும் நிற்கும், சரிசெய்வது பதினொரு வீட்டின் வேலை, கண்டவர் கடந்துபோகக் கூடாது. ஏழு கை ஆதரவு, நான்கு எதிர்ப்பு. எதிர்த்த முதல் கை உன் அம்மாவுடையது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "எம் பொண்ணு செஞ்சதுக்கு எம் மூஞ்சிக்காக விதிய மாத்தாதீங்க. நாளைக்கு எவனும் பயப்பட மாட்டான்," என்றார். ஃபாத்திமா ஆன்ட்டி, "உன் மூஞ்சிக்கு இல்ல வள்ளி, எங்க மூஞ்சிக்கு," என்றார். உன் அம்மா கையை இறக்கவில்லை. ஆனால் விதி மாறிவிட்டது. உங்கள் குழாய் மூடப்படாது.

இன்னொரு முடிவு. முதல் வாயு குறைவாகத்தான் வரும். அன்று எல்லா வீட்டுக்கும் சம நேரம், சீட்டுக் குலுக்கி வரிசை. எனக்கு ஏழாவது. உன் அம்மா சீட்டு எடுக்கவில்லை. "நான் கடைசி," என்று சொல்லிவிட்டுக் கடைக்கு அரிசி ஊறவைக்கப் போய்விட்டார்.

பார்கவி


4 மே, ஞாயிறு

அக்கா,

இன்று காலை நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது உங்கள் சமையலறை மட்டும். தொட்டிப் பக்கம் நின்றவள் நான். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே போய்விட்டேன். தொட்டி மேல் மிதக்கும் இரும்பு டிரம் ஒரு முழம் எழும்பியிருந்தது. அவ்வளவும் வாயு. சார் சொல்லிக்கொடுத்தபடி கணக்குப் போட்டேன். ஒரு அடுப்புக்கு நாற்பத்துநாலு நிமிடம். பதினொரு வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலு. டிரம்மில் சமமாகப் பதினொரு சாக்பீஸ் கோடு போட்டேன். ஒரு வீடு எரித்தால் ஒரு கோடு தண்ணீரில் முங்க வேண்டும்.

நாலு நிமிடத்தில் பால் காயும். இட்லி வேகாது, இட்லிக்குப் பன்னிரண்டு வேண்டும். அம்மாவுக்கும் அது தெரியும். இருந்தும் தட்டில் மாவை ஊற்றி, பானையை அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேச ஆரம்பித்தே பத்து நாள்தான் ஆகிறது, கெடுப்பானேன்.

ஆறு மணிக்கு முதல் வீடு, ஃபாத்திமா ஆன்ட்டி. "வந்துருச்சு, நீலமா வருது," என்று ஜன்னலிலிருந்து குரல். டிரம் மெதுவாக இறங்கியது. கோடு முங்குவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. குழாயில் ஏதோ அடைப்பு என்று எனக்கு உயிர் போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால், ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரம் துலக்குகிறார். "எனக்கு போதும்," என்றார். இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவதும். ஆறாம் நம்பர்கூட. ஆறாம் நம்பரைப் பற்றி நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

பத்தாவது வீடு முடிந்தபோது தண்ணீருக்கு மேலே ஒரே ஒரு கோடு இருக்க வேண்டும். நான் மூன்று முறை எண்ணினேன். மூன்றரை.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பன்னிரண்டாவது நிமிடம் பானையைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அவர் சொல்கிறார், நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். பிறகு பத்துத் தட்டில் இரண்டிரண்டாக வைத்து, "ஏழு மணிக்கு முன்னால கொண்டுபோய் குடுத்துட்டு வா, ஆறிப்போவும்," என்றார். உங்கள் தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

பேசி வைத்துக்கொண்டீர்களா என்று வீடு வீடாகக் கேட்டேன். இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். கிளிஃபர்ட் அங்கிள் மட்டும், "இன்னிக்கு எனக்கு டீ வேணாம்னு தோணிச்சு," என்றார். வாழ்நாளில் அவருக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

நீங்கள் ஏழாவது வீடு. உங்கள் முறையிலும் கோடு முழுதாக முங்கவில்லை. விளக்கம் இருந்தால் எழுத்து மூலம் தரவும்.

இளவேனில்


4 மே, மதியம்

வாலு அவர்களுக்கு,

மூன்று நிமிடம். பால் பொங்கவில்லை. காபியில் பச்சை வாடை அடித்தது. குடித்துவிட்டேன்.

பார்கவி